‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நாம் தொகுத்துவரும் அமெரிக்க வரலாற்றுச் சொற்பட்டியலில் ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்பதற்கு எதிரே மூன்று வாரங்களாகக் கேள்விக்குறியே நிற்கிறது. ‘நிலத்தடி ரயில்பாதை’ என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் விடைத்தாள். என் மொழிபெயர்ப்புக் குறிப்பைப் படித்திருந்த அவர், “அடிமைகள் தப்பிப்பதற்காக வட மாநிலத்தவர் பூமிக்கு அடியில் ரயில் விட்டனர், அது ஓஹியோ ஆற்றுக்குக் கீழே சென்றது” என்று எழுதி, பக்கத்தில் ஒரு சுரங்க வாயிலையும் அதிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு பெட்டிகளையும் வரைந்திருந்தார். வாயிலின் மேல் ‘அடுத்த நிலையம் கனடா’ என்று ஒரு பலகை வேறு. நான் கொடுத்த சொல் என்ன சொன்னதோ அதையே அவர் வரைந்திருக்கிறார்; மதிப்பெண் குறைக்கப்பட வேண்டியது எனக்குத்தான்.

அங்கே சுரங்கமும் இருந்ததில்லை, அதற்கென ஒரு ரயிலும் இருந்ததில்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகளை வீடு வீடாகவும் பண்ணை பண்ணையாகவும் ஒளித்து வைத்து, உணவும் உடையும் கொடுத்து, இரவில் அடுத்த வீட்டுக்குக் கைமாற்றி, வட மாநிலங்களுக்கோ கனடாவுக்கோ கொண்டு சேர்த்த மனிதர்களின் வலை அது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், குவேக்கர் என்ற கிறித்தவச் சமயக் குழுவினர், அடிமை ஒழிப்புச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் எனப் பலர் அதில் இருந்தனர். தலைமையகம், உறுப்பினர் பட்டியல், வரைபடம் எதுவும் கிடையாது. தனக்கு அடுத்த வீடு எது என்பதை மட்டும் ஒருவர் அறிந்திருந்தால் போதும், அதற்கு மேல் அறியாமல் இருப்பதே பாதுகாப்பு.

அப்படியானால் ரயில் எங்கிருந்து வந்தது? பால்டிமோர்–ஓஹியோ ரயில்பாதைக்கு 1828 ஜூலை 4 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, முதல் 13 மைல் 1830இல் திறக்கப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளில் அந்நாட்டில் எல்லோர் வாயிலும் புழங்கிய புதுமை ரயில்தான். ஓஹியோ ஆற்றங்கரையின் ரிப்லி ஊரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு: 1831இல் கென்டக்கியிலிருந்து ஆற்றை நீந்திக் கடந்த ஓர் அடிமையைப் படகில் துரத்தி வந்த உரிமையாளர், கரையேறிய ஆள் கண்ணெதிரே மாயமாகிவிட்டதைக் கண்டு, ‘நிலத்துக்கு அடியில் ஏதோ சாலை வழியாகப் போய்விட்டான் போலும்’ என்றாராம். கதை உண்மையோ இல்லையோ, அதில் ‘சாலை’தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாலை ரயில்பாதையாக மாறியது அந்தக் காலத்தின் மோகம்.

இங்கேதான் நமது சிக்கலின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். உலகின் முதல் நிலத்தடி நகர ரயில் லண்டனில் 1863 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது. ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்ற பெயரோ அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அமெரிக்கச் செய்தித்தாள்களில் புழங்கியது. மலையைக் குடைந்து ரயில் கடக்கும் சிறு சுரங்கங்கள் அப்போது இருந்தன என்றாலும், நிலத்துக்கு அடியிலேயே ஆட்களை ஏற்றி இறக்கும் ரயில் என்பது நடக்கவே நடக்காத ஒன்று. ஆகவே 1842இல் அந்தப் பெயரைக் கேட்ட எவரும் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். நடவாத ஒன்றைப் பெயராகச் சூட்டியதால்தான் அது உருவகம் என்பது கேட்ட மாத்திரத்திலேயே விளங்கியது. இன்று சென்னை மாணவிக்கு நிலத்தடி ரயில் என்பது மெட்ரோ. பயண அட்டையைக் காட்டி ஏறி இறங்கும் அன்றாடப் பொருள். நடவாதது நடப்பாகிவிட்டதால் உருவகம் செத்துவிட்டது. நாம் கொடுக்கும் தமிழ்ச்சொல்லில் அந்த ‘நடவாமை’ திரும்ப வர வேண்டும் என்பதே என் கட்சி.

வந்துள்ள சொற்களை இந்தக் கண்ணோடு பார்ப்போம். ‘நிலத்தடி’, யாழ்ப்பாணத்து நண்பர் அனுப்பிய ‘நிலக்கீழ்’ இரண்டும் மேற்சொன்ன காரணத்தாலேயே விலகுகின்றன. இவற்றுக்குப் பின்னே நமக்கு நீர்தான் வரும். ‘சுருங்கை வழி’ அழகான பழஞ்சொல், ஆனால் கோட்டைக்கு அடியில் உண்மையிலேயே வெட்டப்பட்ட கரந்த வழியைக் குறிப்பது. மாணவியின் படத்துக்குச் சான்றிதழ் வழங்கியதாகிவிடும். ‘மறைவழி’யில் மறை என்றவுடன் வேதமும், கிறித்தவ வழக்கில் சமயமும் முன்னே வந்து நிற்கின்றன. அதை ‘மறைவுப் பாதை’ என்று நீட்டினால் இரங்கல் செய்தி வாடை வீசுகிறது. ஒளிதல் என்ற வினையிலிருந்து ‘ஒளிவழி’ என்று நானே ஒரு நாள் முயன்று பார்த்தேன். இணையக் கம்பி நிறுவனத்தின் பெயர் போல இருந்தது.

‘கரவுப் பாதை’யை முன்மொழிந்த பெரியவரின் தமிழறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஒளித்தல் என்ற பொருளை அது நேராகத் தருகிறது. ஆயினும் நெஞ்சில் கரவுடையார் என்றால் வஞ்சகர் என்றே தமிழ் பொருள் கொள்கிறது. தஞ்சம் கொடுத்தவர்கள் மீது அந்த நிழல் விழ வேண்டுமா என்று யோசிக்கிறேன். ‘கள்ள ரயில்’ என்பதை அனுப்பியவர் ‘கள்ளத்தோணி’யை முன்மாதிரியாகச் சொல்லியிருந்தார். சொல்லமைப்பு ஒத்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் கள்ளத்தோணி என்பது இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் மீது வசையாக எறியப்பட்ட சொல். தப்பி வந்தவர்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்ட பெயரன்று. அதோடு, தமிழகத்தில் ‘கள்ள ரயில்’ என்றால் ‘வித்தவுட்’டில் போவது என்று பொருள் கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

இவற்றில் பாதிச் சொற்கள் ரயிலையே கைவிட்டுவிட்டன. “ரயில் வெறும் அலங்காரம், பொருள் மறைவில்தான் இருக்கிறது” என்று சேலத்து ஆசிரியர் எழுதியிருந்ததை நான் ஏற்க இயலாமைக்குக் காரணம், அந்த ரயில் தனியாக வரவில்லை என்பதுதான். தஞ்சம் கொடுத்த வீடு ‘நிலையம்’ ஆயிற்று. வீட்டுக்காரர் ‘நிலைய அதிபர்’. கூட்டிச் சென்றவர் ‘கண்டக்டர்’. தப்பி வந்தவர் ‘பயணி’, கடிதத்தில் இன்னும் மறைத்துச் சொல்ல வேண்டுமானால் ‘சரக்கு’. இண்டியானாவின் நியூபோர்ட்டில் வாழ்ந்த லீவை காஃபின் என்ற குவேக்கரை அந்த ரயில்வேயின் ‘தலைவர்’ என்றே அழைத்தார்கள். ஒரு சொல்லைப் பிடுங்கினால் கொடி முழுவதும் கையோடு வந்துவிடும்.

மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1849இல் தப்பிய ஹேரியட் டப்மன், தான் மட்டும் பிழைத்தால் போதும் என்றிராமல் சுமார் 13 முறை அதே மேரிலாந்துக்குத் திரும்பிப் போய், ஏறக்குறைய 70 பேரை மீட்டு வந்தார். முதுமையில் 1896இல் பெண்கள் வாக்குரிமை மாநாடு ஒன்றில் அவர் பேசியபோது, தான் அந்த ரயில்வேயில் எட்டாண்டுகள் கண்டக்டராக இருந்ததாகவும், தன் ரயில் ஒருநாளும் தடம் புரண்டதில்லை என்றும், ஒரு பயணியைக்கூடத் தான் இழந்ததில்லை என்றும், பெரும்பாலான கண்டக்டர்களால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். ‘தடம் புரள்தல்’ என்ற தமிழ்த்தொடர் இந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தது போல வந்து பொருந்துகிறது. ‘மறைவழி’ என்றோ ‘கரவுப் பாதை’ என்றோ வைத்துக்கொண்டு இதை மொழிபெயர்த்துப் பாருங்கள். ரயில் எங்கிருந்து குதித்தது என்று படிப்பவர் கேட்பார்.

ஆகவே என் முன்மொழிவு: ‘தலைமறைவு ரயில்பாதை’.

தலைமறைவு என்பது மனிதருக்கு மட்டுமே உரிய சொல். ஆள் தலைமறைவாவார், பாதை தலைமறைவாகாது, அதற்குத் தலையே கிடையாது. இவ்விரண்டையும் ஒட்ட வைக்கும்போது படிப்பவர் ஒரு கணம் தடுக்கி நின்று, ‘இது வேறு எதையோ சொல்கிறது’ என்று உணர்கிறார். 1842இல் ஆங்கிலச் சொல் ஏற்படுத்திய தடுக்கல் இதுதான். தவிர, இயக்கத்தவர் ‘அண்டர்கிரவுண்ட்’ போவதைத் தலைமறைவு என்று தமிழ் எப்போதோ உள்வாங்கிக்கொண்டது; புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

அந்தச் சொல்லில் இருக்கும் சட்டத்தின் வாடையும் இங்கே வேண்டியிருக்கிறது. இதற்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். எலை விட்னி 1794இல் பருத்திக்கொட்டை நீக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்ற பின், உள்நாட்டின் குட்டை இழைப் பருத்தி பணமாயிற்று. பருத்தி மேற்கே மேற்கே நிலம் கேட்டது, நிலம் ஆள் கேட்டது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 39 லட்சத்தைத் தாண்டியது. மெக்சிகோவோடு போரிட்டு 1848 உடன்படிக்கையில் கலிஃபோர்னியா உள்ளிட்ட பெருநிலத்தைப் பெற்றவுடன், புதிய நிலத்தில் அடிமைமுறை உண்டா இல்லையா என்ற சண்டை முற்றியது. 1829லேயே அடிமைமுறையை ஒழித்திருந்த நாட்டிலிருந்து வாங்கிய நிலம் அது என்பதையும் சொல்லி வைக்கிறேன்; டெக்சாஸிலிருந்து தெற்கே மெக்சிகோவுக்குத் தப்பியவர்களும் உண்டு, எல்லாப் பாதையும் வடக்கே போகவில்லை. 1850இல் வட, தென் மாநிலத்தார் செய்துகொண்ட சமரசத்தில் கலிஃபோர்னியா அடிமையற்ற மாநிலமாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு ஈடாகத் தெற்குக்குக் கொடுக்கப்பட்டவற்றுள் ஒன்று, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம்.

அந்தச் சட்டத்தின்படி, தஞ்சம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பிடிபட்டவருக்கு நடுவர்குழு விசாரணை இல்லை. தன் சார்பில் தானே சாட்சி சொல்லவும் உரிமை இல்லை. விசாரிக்கும் ஆணையர் அவரை அடிமை என்று தீர்மானித்துத் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம் பெறுவார், விடுவித்தால் 5 டாலர்தான். அதிகமாக எழுத வேண்டியிருப்பதால் அதிகக் கட்டணம் என்று சமாதானம் சொன்னார்களாம். அன்று முதல், தப்பி வந்து வடக்கே பாஸ்டன் வீதியில் நடப்பவர்கூடத் தேடப்படுபவர் ஆனார். டப்மன் தன் ஆட்களை அடிமைமுறை ஒழிந்திருந்த கனடாவின் செயின்ட் காதரின்ஸ் வரை கொண்டுபோக வேண்டி வந்ததும் இதனால்தான். சட்டம் தேடும் ஆளுக்குத் தமிழில் உள்ள சொல் தலைமறைவு.

கிளைச்சொற்களில் ‘நிலையம்’, ‘பயணி’ இரண்டிலும் சிக்கல் இல்லை. ‘ஸ்டேஷன் மாஸ்ட’ருக்கு இலங்கை வழக்கான ‘நிலைய அதிபர்’ என்பதையே பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ‘கண்டக்டர்’தான் இடறுகிறது. ‘நடத்துநர்’ என்றால் தோளில் தோல்பையும் கையில் பயணச்சீட்டும் கொண்ட பேருந்து நடத்துநரே கண்முன் வருகிறார். அமெரிக்க ரயிலில் கண்டக்டர் என்பவர் வண்டி முழுவதற்கும் பொறுப்பான அதிகாரி. நம் ஊர் ரயிலில் முன்பு ‘கார்டு’ எனப்பட்டவருக்கு நெருக்கமானவர். ‘வழித்துணை’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். விரிஞ்சிபுரத்து இறைவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு வணிகருக்குக் காட்டு வழியில் துணை வந்தவர் என்பது தலபுராணம். இருட்டில் ஆபத்தான பாதையில் கூட வருபவர் என்ற பொருள் வேறெந்தச் சொல்லிலும் இவ்வளவு நிறைவாகக் கிடைக்கவில்லை.

கடைசியாக, தப்பி வந்தவர்களை வரவேற்று உதவிய ‘விஜிலன்ஸ் கமிட்டி’. பட்டியலில் இதற்கு ‘கண்காணிப்புக் குழு’ என்று யாரோ எழுதியிருக்கிறோம், நானாகவே இருக்கலாம். மலையகத் தமிழர் இதைப் படித்தால் கங்காணிதான் நினைவுக்கு வருவார். தோட்டத்தில் ஆளை மேய்த்தவரின் பெயர், ஆளை விடுவித்த குழுவுக்குப் போய்விடும். ஃபிலடெல்ஃபியாவில் அந்தக் குழுவை முன்னின்று நடத்திய வில்லியம் ஸ்டில், வந்த ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், விட்டுவந்த உறவினர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து வைத்தவர். 1850இல் ஒருநாள், நாற்பதாண்டுகளுக்கு முன் பிரிந்த தாயைத் தேடிக்கொண்டு வந்த ஒருவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் சொன்ன தாய் தன் தாய், எதிரே இருப்பவர் தான் ஒருநாளும் கண்டிராத சொந்த அண்ணன் பீட்டர் என்பது ஸ்டில்லுக்குப் புலப்பட்டது. அந்தக் குறிப்புகளை ஒளித்து வைத்திருந்து 1872இல் நூலாக வெளியிட்டார். இவரது குழுவுக்கு ‘விழிப்புக் குழு’ என்ற பெயரே தகும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

மறுமடல், சேலத்திலிருந்து

ஐயா, ரயிலைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். டப்மனின் பேச்சைப் படித்த பின் ‘மறைவழி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் தலைமறைவு எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊரில் நாளிதழைப் பிரித்தால் சீட்டு நிறுவன மோசடி செய்தவர்தான் தலைமறைவு. விடுதலை தேடிய ஒரு தாயையும் அவர் இடுப்பிலிருந்த குழந்தையையும் அந்த வரிசையில் எப்படி நிறுத்துவது? ‘கரவு’க்கு வஞ்சக நிழல் என்று தள்ளிவிட்டு, குற்றவாளி நிழல் உள்ள சொல்லை எடுத்துக்கொள்வது எந்த வகை நியாயம்?

இன்னொரு ஐயமும் உண்டு. உண்மையான ரயிலிலேயே ஏறித் தப்பியவர்கள் இருக்கிறார்களே! ஃபிரெடெரிக் டக்ளஸ் 1838 செப்டம்பரில் மாலுமி உடையில், பிறர் ஒருவரின் சான்றிதழை வைத்துக்கொண்டு, பால்டிமோரில் ரயிலேறி, படகும் கப்பலுமாக மாறி நியூயார்க் போனவர். எலன் கிராஃப்ட் 1848 டிசம்பரில் நோயுற்ற வெள்ளைக்காரப் பண்ணையாராக ஆண் வேடமிட்டு, கையெழுத்துக் கேட்டுவிடுவார்களோ என்று வலக்கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, கணவர் வில்லியமைத் தன் அடிமையாக உடன் அழைத்துக்கொண்டு ஜார்ஜியாவிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் ஃபிலடெல்ஃபியா சேர்ந்தார். ‘தலைமறைவு ரயில்பாதை’ என்று நீங்கள் எழுதிய பக்கத்திலேயே இந்த ரயிலும் வந்தால் மாணவர் எதை எதுவென்று பிரிப்பார்? ‘வழித்துணை’ மட்டும் மிக நன்று. அதைக் கைவிட வேண்டாம்.

மறுமடல், இழையைத் தொடங்கியவனிடமிருந்து

அம்மா, முதல் கேள்வி நியாயமானது. கரவு என்பது குணத்தைச் சொல்கிறது, தலைமறைவு என்பது நிலையைச் சொல்கிறது என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். வஞ்சகர் என்பது ஒருவரைப் பற்றிய தீர்ப்பு. தலைமறைவு என்பது யாரோ தேடுகிறார்கள் என்ற செய்தி மட்டுமே. மோசடிக்காரர் தலைமறைவானது போலவே விடுதலைப் போராட்டக் காலத்தில் தேசபக்தரும், பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியினரும் தலைமறைவாக இருந்தனர். அவர்களது வாழ்க்கைக் குறிப்புகளில் ‘தலைமறைவு வாழ்க்கை’ பெருமிதத்தோடு எழுதப்படுகிறது. இன்றைய நாளிதழுக்காக அந்த வரலாற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

டக்ளஸை நீங்கள் எடுத்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவர் இந்தப் பெயரையே இடித்துரைக்கிறார்: அமெரிக்காவின் மேற்குப் பகுதி நண்பர்கள் சிலர் தங்கள் செயலைப் பகிரங்கமாகப் பறைசாற்றிக்கொள்வதால் அது நிலத்துக்கு அடியிலிருந்து மேலே வந்துவிட்டது, அடிமை உரிமையாளரை உஷாராக்குவதற்கே அது உதவுகிறது என்பது அவரது புகார். ‘அண்டர்’ என்பதை ‘அப்பர்’ என்று மாற்றிப் போட்டு அவர் செய்த சொல்விளையாட்டை, ‘தலைமறைவு ரயில்பாதை தலைகாட்டும் ரயில்பாதையாகிவிட்டது’ என்று தமிழில் அப்படியே கொண்டுவரலாம். மறைதலுக்கு எதிர்ச்சொல்லாகத் ‘தலைகாட்டுதல்’ நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. வேறெந்த முன்மொழிவிலும் இது வாய்க்கவில்லை.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. உண்மை ரயில் வரும் இடங்களில் நிறுவனத்தின் பெயரையோ ஊர்ப்பெயரையோ சேர்த்து ‘பால்டிமோர் ரயில்’ என்பதுபோல எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவரும் இதே தொல்லையைத்தான் படுகிறார்.

மறுமடல், யாழ்ப்பாணத்திலிருந்து

நண்பர்களே, ‘நிலக்கீழ்’ இனி நிலக்கீழ் நீருக்கே இருக்கட்டும். தலைமறைவுக்கு நானும் உடன்படுகிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பது புகையிரதம். ரயில்பாதை என்று எழுதினால் விளங்கும் என்றாலும் பாடநூல் நடைக்கு ஒவ்வாது. ‘இருப்புப்பாதை’ என்று வைத்து இரு கரையையும் சமாதானப்படுத்தலாமா என்று எண்ணிப் பார்த்தேன். ‘தலைமறைவு இருப்புப்பாதை’ என்று எழுதிப் பார்த்ததும், இரும்பு போய், தலைமறைவாக இருக்கும் ‘இருப்பு’ வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே பட்டியலில் ‘தலைமறைவு ரயில்பாதை’ என்று முதலிலும், ‘தலைமறைவுப் புகையிரதப் பாதை’ என்பதை இலங்கை வழக்கு என்ற குறிப்புடன் அடுத்தும் இடும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘விழிப்புக் குழு’வை நான் இன்றே என் படியில் திருத்திவிட்டேன். அந்தக் கண்காணிப்புக் குழுவைப் பட்டியலில் எழுதியவன் நான்தான்.